பதினாறு ஆண்டுகள் மேஜர்: அரசியலுக்கு வருமுன் ஐசனோவர்

1918 அக்டோபர் 14 அன்று டுவைட் ஐசனோவருக்கு 28 வயது நிறைந்தது. அமெரிக்க ராணுவம் அவரைத் தற்காலிக லெப்டினன்ட் கர்னலாக உயர்த்தியதும் அதே நாளில்தான். அந்தப் பதவி அவருக்கு நிரந்தரமாகத் திரும்பக் கிடைத்தது 1936 ஜூலை 1-இல். அப்போது வயது 45. நடுவில் என்னென்னவோ நடந்தது. 1920-இல் கேப்டனாக இறக்கினார்கள், இரண்டே நாளில் மேஜராக்கினார்கள். 1922-இல் மறுபடி கேப்டன், 1924-இல் மறுபடி மேஜர். மொத்தத்தில் பதினாறு ஆண்டுகள் அவர் மேஜருக்கு மேல் ஏறவே இல்லை.

அதே மனிதர் அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகள் அனைத்துக்கும் உச்சத் தளபதி. அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1952-இல், அமெரிக்காவின் குடியரசுத் தலைவராகத் தேர்வானார். வாழ்க்கையில் அவர் முதன்முதலாக நின்ற தேர்தலே அதுதான்.

வெற்றி பெற்ற தளபதியை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று வழக்கமாக ஒரே வரியில் இதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. யாரும் கவனிக்காத 1915 முதல் 1941 வரையான காலத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்த்தால்தான், பின்னாளில் அவர் எப்படிப்பட்ட அரசியல்வாதியாக இருந்தார் என்பது பிடிபடும். அவருடைய பலம் அங்கே உருவானது. பலவீனமும் அங்கேதான் உருவானது என்பது என் எண்ணம்.

கட்டணம் இல்லாத கல்லூரி

கான்சாஸ் மாநிலத்தின் அபிலீன் என்ற சிற்றூரில், ஒரு வெண்ணெய்ப் பண்ணையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவரின் மகன் ஐசனோவர். வீட்டில் பையன்கள் பலர், பணம் கம்மி. அண்ணன் எட்கரின் கல்லூரிச் செலவுக்காகத் தம்பி அதே பண்ணையில் இரவு வேலை பார்த்தார். ஒருவர் படிக்க இன்னொருவர் சம்பாதிப்பது, பிறகு மாற்றிக்கொள்வது என்று அண்ணன் தம்பிக்குள் ஒப்பந்தம். அப்போதுதான் கடற்படைக் கழகத்தில் சேர்ந்தால் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று ஒரு நண்பர் சொன்னார். தேர்வும் எழுதினார், ஆனால் கடற்படைக்கு வயது கடந்துவிட்டது. அதனால் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகம். 1911-இல் சேர்ந்தார். போரையே பாவமாகக் கருதிய, ஆழ்ந்த மத நம்பிக்கை கொண்ட தாய் அவரைத் தடுக்கவில்லை. மகன் கிளம்பிப் போன பிறகு அழுதார்.

அங்கே அவருக்கு உயிர் கால்பந்துதான், அமெரிக்கக் கால்பந்து. 1912-இல் முழங்கால் போனது. அத்தோடு ஆட்டமும் போனது. 1915-இல் படிப்பை முடிக்கும்போது அந்த முழங்காலைக் காரணம் காட்டி அதிகாரிப் பதவியே தராமல் அனுப்பிவிடலாமா என்றுகூட மருத்துவப் பிரிவு யோசித்தது. ஒரு வழியாகக் காலாட்படையில் எடுத்துக்கொண்டார்கள். 164 பேரில் 61-ஆவது இடம், நன்னடத்தையில் 125-ஆவது. அந்த 164 பேரில் 59 பேர் பின்னாளில் ஜெனரல் ஆனார்கள். ஆனால் 1915-இல் இவர் ஜெனரல் ஆவார் என்று யாராவது பந்தயம் கட்டியிருப்பார்களா என்பது சந்தேகம்.

போருக்குப் போகாத ராணுவ வீரர்

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது இளம் அதிகாரிகள் எல்லோருக்கும் பிரான்சுக்குப் போகத்தான் ஆசை. ஐசனோவர் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். அப்படித் தொந்தரவு செய்யாதே என்று போர்த்துறையிலிருந்து கண்டிப்புக் கடிதம் வந்தது. பயிற்சி தருவதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியதே அவருக்கு வினையாகிவிட்டது. கெட்டிக்காரரை யார் விடுவார்கள்?

1918-இல் கெட்டிஸ்பர்க்கில் டாங்கிப் படைக்கான கோல்ட் முகாமை நடத்தும் பொறுப்பு கிடைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை நடந்த அதே மைதானம். பத்தாயிரம் பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள், ஆனால் பல மாதங்கள் ஒரு டாங்கிகூட வரவில்லை. லாரிகளில் இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தி, ஓடும் வண்டியிலிருந்து குன்றைப் பார்த்துச் சுட வைத்துப் பழக்கினார். இலையுதிர் காலத்தில் ஸ்பானிஷ் காய்ச்சல் முகாமுக்குள் நுழைந்தது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். இல்லாத கருவியை வைத்துப் பயிற்சி, வந்துவிட்ட நோயை வைத்து நிர்வாகம். 27 வயதில் இவ்வளவையும் தலையில் தாங்கியவரை, போர்முனையைப் பார்க்காதவர் என்ற ஒரே காரணத்துக்காகக் குறைத்து மதிப்பிட முடியுமா என்று தோன்றுகிறது.

கடைசியில் பிரான்சுக்குக் கப்பலேற உத்தரவு வந்தது. தேதி நவம்பர் 18. நவம்பர் 11-இல் போர் முடிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு நடந்த வாகனப் பயணம் பலருக்கும் தெரிந்த கதை. வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 81 ராணுவ வண்டிகள், சுமார் 5,200 கிலோமீட்டர், 62 நாள். ஐசனோவர் டாங்கிப் படையின் பார்வையாளராகப் போனார். மேற்கே போகப் போகச் சாலை என்றே ஒன்று இல்லை. வண்டிகள் மணலில் புதைந்தன, மரப் பாலங்கள் முறிந்தன. 1956-இல் அவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு இந்தப் பயணம்தான் விதை என்பார்கள். 1945-இல் ஜெர்மனியில் பார்த்த அகலச் சாலைகளும் காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆகவே இதை மட்டும் பெரிதாக்க வேண்டாம்.

1921: எல்லாம் சேர்ந்து விழுந்த ஆண்டு

மேரிலாந்தின் மீட் முகாமில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர், பின்னாளில் டாங்கித் தளபதியாகப் பெயர்பெற்ற ஜார்ஜ் பேட்டன். இருவருக்கும் டாங்கி மேல் பைத்தியம். ஒரு டாங்கியைக் கடைசி ஆணி வரை கழற்றி, திரும்பப் பூட்டிப் பார்த்தார்கள். டாங்கி என்பது காலாட்படைக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்து வரும் வண்டி என்பதுதான் அன்றைய கொள்கை. அப்படியில்லை, அது வேகமாகப் போய் எதிரியின் வரிசையைப் பிளக்க வேண்டியது என்று 1920-இல் ஒரு ராணுவ இதழில் ஐசனோவர் கட்டுரை எழுதினார். காலாட்படைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். உன் கருத்து தவறு மட்டுமில்லை, ஆபத்தானதும்கூட, இனி காலாட்படைக் கொள்கைக்கு மாறாக எழுதினால் கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்ற விசாரணை, என்று எச்சரித்து அனுப்பினார்.

அவர் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டனோ பிரான்சின் சார்ல் த கோலோ இப்படி நிறுத்துகிறவர்கள் இல்லை. ஐசனோவர் நிறுத்தினார். கருத்தை மாற்றிக்கொண்டார் என்று அர்த்தமில்லை. உரக்கச் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொள்ளப் பழகினார்.

1921 ஜனவரி 2-இல் அவருடைய மூன்று வயது மகன் ஐக்கி செங்காய்ச்சலில் இறந்தான். வீட்டு வேலைக்கு வைத்த பெண்ணுக்குச் சற்று முன்புதான் அந்த நோய் வந்து போயிருந்தது, இவர்களுக்குத் தெரியவில்லை. ஐசனோவர் முதுமையில்கூட, தன் வாழ்வின் மிகப் பெரிய பேரிடி இதுதான் என்று எழுதினார். நார்மண்டியின் முடிவுகளைச் சுமந்தவர் சொன்ன வார்த்தை அது.

துக்கம் ஆறுவதற்குள் இன்னொன்று. மகன் அயோவாவில் உறவினர் வீட்டில் இருந்த மாதங்களுக்கு, குடும்பத்துக்கான வீட்டுப்படியாகச் சுமார் 250 டாலர் வாங்கியிருந்தார். விதிப்படி அது தவறு. தவறைத் தெரிந்துகொண்டதும் தானாகவே போய்ச் சொன்னார். ஆனாலும் விசாரணை வந்தது. ராணுவத்தை விட்டே வெளியேற்றப்படும் நிலை. கடைசியில் கண்டனக் குறிப்போடு தப்பினார். தப்பியதற்குக் காரணம் ஒரு பெரிய மனிதர் அவரைக் கேட்டு வாங்கிக்கொண்டதுதான்.

பனாமாவில் ஒரு குருகுலம்

அந்தப் பெரிய மனிதர் பிரிகேடியர் ஜெனரல் ஃபாக்ஸ் கானர். முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குப் போன அமெரிக்கப் படைகளின் தளபதி பெர்ஷிங்கின் போர்த் திட்டப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். பேட்டன் வீட்டு விருந்தில் ஐசனோவரைச் சந்தித்து, டாங்கிகளைப் பற்றி ஒரு பிற்பகல் முழுக்கக் கேள்வி கேட்டார். அப்புறம் தன் பனாமா படைப்பிரிவுக்கு வரச் சொன்னார். மேலிடம் முதலில் விடவில்லை. பெர்ஷிங் தலைமைத் தளபதியான பிறகுதான் வழி பிறந்தது.

1922 ஜனவரியிலிருந்து 1924 வரை பனாமாக் காட்டுக்குள் கெயிலார்டு முகாம். எங்கும் கொசு, வௌவால், மழை. அங்கே நடந்ததைக் குருகுலம் என்றுதான் சொல்ல வேண்டும். ராணுவ வரலாறு என்றாலே வெறுப்பு என்றிருந்த ஐசனோவருக்குக் கானர் முதலில் கொடுத்தவை வரலாற்று நாவல்கள். அவற்றைப் படித்து ஆர்வம் வந்த பிறகு, அதே காலத்தைப் பற்றிய உண்மையான வரலாற்று நூல்கள். பிறகு உள்நாட்டுப் போர்த் தளபதி கிராண்டின் நினைவுக் குறிப்புகள், ஷேக்ஸ்பியர். ஜெர்மானியப் போரியல் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸை மூன்று முறை படிக்க வைத்தார். குதிரையில் போகும்போதும், ராத்திரி நெருப்பு மூட்டி உட்காரும்போதும் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்: அந்தத் தளபதி ஏன் அப்படி முடிவெடுத்தார்? வேறு என்ன வழி இருந்தது? முகாமின் அன்றாட வேலைகளுக்குக்கூடப் போர்க்கள உத்தரவு போல முறையாக எழுதித் தர வேண்டும், தினமும்.

கானர் அவர் மனதில் ஊன்றியவை மூன்று. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்த வெர்சாய் உடன்படிக்கையால் இன்னொரு பெரிய போர் நிச்சயம் வரும். அந்தப் போரை ஒரு நாடு தனியாக நடத்த முடியாது, பல நாட்டுப் படைகளுக்கு ஒரே தலைமை வேண்டியிருக்கும், போன போரில் நேச நாடுகள் பட்ட பாட்டிலிருந்து அதைக் கற்க வேண்டும். மூன்றாவது, ஜார்ஜ் மார்ஷல் என்ற அதிகாரியிடம் வேலை செய்ய வாய்ப்பு வந்தால் விடாதே.

1924-இல் ஒருவர் இவ்வளவையும் சரியாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டவர் அப்போதுதான் கேப்டனிலிருந்து மறுபடி மேஜராகியிருந்தார்.

கானர் பாடம் நடத்தியதோடு நிற்கவில்லை. தளபதிகளுக்குத் திட்டமிட்டுத் தரும் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும், லெவன்வொர்த்தில் உள்ள ஸ்டாஃப் கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் மேலே போக முடியும். காலாட்படைத் தலைவர் அதை விடமாட்டார் என்று தெரியும். அதனால் கானர் ஒரு தந்தி கொடுத்தார்: எந்த உத்தரவு வந்தாலும் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொள். வந்த உத்தரவு கொலராடோவில் ஆள் சேர்ப்பு வேலை. இதைவிடக் கேவலமான மாற்றல் இருக்காது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த வேலை வேறொரு துறையின் கீழ் வந்தது, அந்தத் துறையின் ஒதுக்கீட்டில் அவருக்கு லெவன்வொர்த்தில் இடம் கிடைத்தது. 1926-இல் 245 பேரில் முதலாவதாகத் தேறினார். அங்கே அவரோடு சேர்ந்து ராப்பகலாகப் படித்த நண்பர் லியனார்ட் ஜெரோ. அந்தப் பெயர் திரும்ப வரும்.

கோப்புகளின் காலம்

அடுத்த சில ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். பிரான்சில் அமெரிக்கர்கள் சண்டையிட்ட களங்களைப் பற்றிய கையேடு எழுதும் வேலை பெர்ஷிங்கின் ஆணையத்தில் கிடைத்தது. அதற்காக ஓராண்டு பாரிசில் தங்கி, பிரான்சின் கிராமச் சாலைகளில் எல்லாம் சுற்றினார். 1944-இல் அதே மண்ணில்தான் அவருடைய படைகள் நகர்ந்தன. நடுவில் போர்க் கல்லூரிப் படிப்பும் முடிந்தது.

1929 முதல் போர்த்துறை அலுவலகம். நாளை போர் வந்தால் அமெரிக்கத் தொழிற்சாலைகளை எப்படி ஆயுத உற்பத்திக்குத் திருப்புவது என்ற திட்டத்தை எழுத வேண்டும். தொழிலதிபர்களைத் தேடிப் போனார். பலருக்கு இன்னொரு போர் என்பதே நம்ப முடியாத பேச்சு. ராணுவமும் தொழிற்சாலையும் கைகோக்கவே மறுத்த காலத்தை அவர் இப்படி நேரில் பார்த்தவர். 1961 ஜனவரியில் பதவியை விட்டுப் போகும்போது, அந்த இரண்டும் கைகோத்துக்கொண்டு அளவுமீறிய அதிகாரம் பெறுவது பற்றி நாட்டை எச்சரித்தார் இல்லையா, அந்தப் பேச்சை முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் கோப்புகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த இயந்திரத்தின் முதல் வரைபடத்தில் அவர் கையும் இருந்தது.

பிறகு டக்ளஸ் மெக்கார்தர். தலைமைத் தளபதியாக இருந்த அவருக்கு அறிக்கை, கடிதம், உரை எல்லாம் எழுதித் தருவது ஐசனோவர். 1932 கோடையில், முதல் உலகப் போரின் முன்னாள் வீரர்கள் சுமார் 20,000 பேர் குடும்பத்தோடு வாஷிங்டனில் வந்து கூடாரம் போட்டார்கள். 1945-இல் தருவதாகச் சட்டம் சொன்ன போனஸை இப்போதே கொடுங்கள், பசிக்கிறது என்பது கோரிக்கை. ஜூலை 28-இல் ராணுவத்தை ஏவி அவர்களை விரட்டினார்கள். தலைமைத் தளபதியே தெருவில் இறங்கக் கூடாது, அது உங்கள் தகுதிக்கு உகந்ததல்ல என்று மெக்கார்தரிடம் சொன்னதாக ஐசனோவர் பின்னாளில் எழுதினார். மெக்கார்தர் கேட்கவில்லை. குதிரைப்படையும் கண்ணீர்ப் புகையும் சேர்ந்து அந்த மக்களைத் துரத்தின, அவர்களுடைய குடில்கள் எரிந்தன. பிறகு அதிகாரபூர்வ அறிக்கையை எழுதியது யார்? ஐசனோவர்தான். மனதுக்கு ஒப்பாத ஒன்றுக்கு, மேலதிகாரியின் குரலில், நல்ல நடையில் ஓர் அறிக்கை.

1935-இல் மெக்கார்தரோடு மணிலா. அமெரிக்க ஆட்சியிலிருந்து சுதந்திரத்தை நோக்கிப் போகும் பிலிப்பைன்ஸுக்கு ஒரு ராணுவம் கட்டித் தர வேண்டும். பணம் இல்லை, துப்பாக்கி பழசு, மொழிகள் பல. ஒரு பக்கம் அதிபர் கேசோன், இன்னொரு பக்கம் மெக்கார்தர், நடுவில் இவர். ஒரு முறை பல ஊர்ப் படைகளைத் தலைநகருக்கு வரவழைத்து அணிவகுப்பு நடத்த மெக்கார்தர் ஏற்பாடு செய்யச் சொன்னார். செலவு தாங்காது என்று ஐசனோவர் சொல்லியும் கேட்கவில்லை. விஷயம் கேசோன் காதுக்குப் போய் அவர் கோபித்தபோது, நான் அப்படி உத்தரவிடவே இல்லை என்று மெக்கார்தர் கைவிரித்துவிட்டார். பழி உதவியாளர்கள் தலையில். அத்தோடு இருவருக்கும் இடையில் இருந்த நெருக்கம் போனது. இருந்தாலும் 1939 டிசம்பர் வரை அந்த மேசையில் உட்கார்ந்து வேலையைச் செய்தார். தலைக்கனம் பிடித்த பெரிய மனிதர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து காரியம் நடத்துவது எப்படி என்று அங்கே படித்ததை, பிறகு சர்ச்சிலிடமும் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியிடமும் த கோலிடமும் பயன்படுத்தினார். போர்க்களத்தில் இதைக் கற்றிருக்க முடியாது.

1941 டிசம்பர் 14

நாடு திரும்பியதும் ஒரு பட்டாலியன் கையில் கிடைத்தது. படைவீரர்களோடு இருப்பதில் அவ்வளவு மகிழ்ச்சி. அதுவும் நிலைக்கவில்லை, மறுபடி ஸ்டாஃப் வேலைக்கே இழுத்தார்கள். 1941 செப்டம்பரில் லூசியானாவில் சுமார் நான்கு லட்சம் பேர் இறங்கிய பெரிய போர்ப் பயிற்சி நடந்தபோது, மூன்றாம் படையின் தலைமை ஸ்டாஃப் அதிகாரி இவர். பாராட்டு கிடைத்தது, பிரிகேடியர் ஜெனரல் ஆனார். ஒரு செய்திப் படத்தின் கீழே இவர் பெயரை அடையாளம் தெரியாத அளவுக்குத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். வெளியுலகத்துக்கு அந்த அளவுதான் இவரைத் தெரியும்.

பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு ஐந்தாம் நாள் வாஷிங்டனிலிருந்து தொலைபேசி. உடனே கிளம்பி வா. போர்த் திட்டப் பிரிவின் தலைவராக இருந்தவர் அதே ஜெரோ. அதைவிட முக்கியம், பிலிப்பைன்ஸைக் கரைத்துக் குடித்த அதிகாரி வேறு யாரும் கையில் இல்லை. டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, தலைமைத் தளபதி மார்ஷல் பசிபிக் நிலைமையைச் சில நிமிடங்களில் விவரித்துவிட்டு, நாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். ஐசனோவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. சில மணி நேரம் கொடுங்கள் என்றார்.

திரும்பி வந்து சொன்னது கசப்பான பதில். பிலிப்பைன்ஸைக் காப்பாற்ற உரிய நேரத்தில் பெரிய உதவி போய்ச் சேராது. ஆனால் கைவிடவும் கூடாது, ஆசியாவின் மக்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தோற்றால் மன்னிப்பார்கள், கைவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவைத் தளமாக்க வேண்டும். மார்ஷல் ஒத்துக்கொண்டார். முடிவுக்காக ஒவ்வொன்றையும் என்னிடம் தூக்கி வராதே, நீயே தீர்த்துவிட்டு அப்புறம் சொல் என்றார்.

நான்கு ஆண்டுகள் மணிலாவில் உழன்றது வீண் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. அந்த நான்கு ஆண்டுகள்தான் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தன. ஆறு மாதத்தில் லண்டன், பிறகு வட ஆப்பிரிக்கா, அப்புறம் நார்மண்டி.

நீக்கப்பட்ட பத்தி

இங்கே நிறுத்தினால் இது பொறுமைக்குக் கிடைத்த பரிசைப் பற்றிய கதையாகிவிடும். ஆனால் 1952 தேர்தல் பிரச்சாரத்தையும் பார்க்காமல் இந்த ஆய்வு முழுமையாகாது.

ஐசனோவரின் குடியரசுக் கட்சியையே சேர்ந்த, கம்யூனிஸ்ட் எதிர்ப்பால் பெயர்பெற்ற செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி அதற்கு முந்தைய ஆண்டு மார்ஷலையே நாட்டுக்கு எதிரான சதியில் பங்காளி என்கிற மாதிரிச் சாடியிருந்தார். ஐசனோவரைக் கைதூக்கி விட்ட மார்ஷலை. ஆகஸ்டில் டென்வரில் செய்தியாளர்கள் கேட்டபோது ஐசனோவர் கோபத்தோடு மார்ஷலைத் தாங்கிப் பேசினார். அக்டோபரில் அவருடைய பிரச்சார ரயில் மெக்கார்த்தியின் மாநிலமான விஸ்கான்சினுக்குள் நுழைந்தது. மில்வாக்கியில் பேச வேண்டிய உரையில் மார்ஷலைப் புகழ்ந்து ஒரு பத்தி இருந்தது. கட்சியின் ஒற்றுமைக்கு ஆபத்து, அந்த மாநிலத்தில் வாக்குப் போய்விடும், எடுத்துவிடுங்கள் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள்.

அக்டோபர் 3 அன்று அந்தப் பத்தி இல்லாமல் பேசினார். மெக்கார்த்தியும் அதே மேடையில் இருந்தார். பத்தி இருந்ததும் நீக்கப்பட்டதும் செய்தியாளர்களுக்குத் தெரிந்துவிட்டது.

காலாட்படைத் தலைவர் மிரட்டியபோது எழுதுவதை நிறுத்திய இளைஞனையும், எரிந்த குடில்களுக்கு அறிக்கை எழுதிய மேஜரையும் தெரிந்தவர்களுக்கு மில்வாக்கி புதிதாக இருக்காது. கருத்து வேறு, காரியம் வேறு என்று இருபத்தாறு ஆண்டுகள் பழகிய கை அது. அந்தப் பழக்கம் இல்லாமல் ஐந்தாறு நாட்டுத் தளபதிகளை ஒரு திட்டத்தின் கீழ் கட்டி வைத்திருக்க முடியாது. அந்தப் பழக்கம்தான் பேச வேண்டிய மேடையில் அவர் வாயையும் கட்டியது. எனக்கு ஐசனோவர் மேல் மிகுந்த மரியாதை உண்டு. கானரைப் படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. இந்த ஒரு மாலையை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை.

ஒரு மாதம் கழித்து 442 தேர்வாளர் வாக்குகளோடு வென்றார். விஸ்கான்சினிலும் வென்றார். மார்ஷல் அந்தப் பத்தியைப் பற்றிப் பொதுவெளியில் குறை சொல்லவில்லை. 1953 ஜூனில் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு அமெரிக்காவின் சார்பில் யாரை அனுப்புவது என்ற கேள்வி வந்தபோது, ஐசனோவர் குழுவின் தலைவராக அனுப்பியது மார்ஷலைத்தான்.